பன்னிரண்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள்

தஞ்சோங் துவானுக்குப் பருந்து பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள் முதலில் பேசி முடிக்க வேண்டியது பஸ்காரரிடம்தான். மற்றதெல்லாம் அப்புறம். "காலையில ஏழரைக்கு ஏத்திக்கிறேன் டீச்சர். பன்னெண்டுக்கெல்லாம் திரும்பிடணும், மத்தியானம் எனக்கு வேற ஓட்டம் இருக்கு" என்பார். டீச்சருக்கும் அது வசதியாகத்தான் தோன்றும். வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிடலாம், பெற்றோரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அப்படித் தலையாட்டிவிட்டால் காட்டைப் பார்க்கலாம், கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம், குரங்கிடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுக்கலாம். பருந்துகளை மட்டும் பார்க்க முடியாது. அவை வேலைக்கு வருகிற நேரமே பதினோரு மணிக்கு மேல்தான்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் தெலுக் கெமாங் கடற்கரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லிங்கி, சிலியாவ், ரந்தாவ், சுவா பெத்தோங் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் லீவு விட்டால் போர்ட்டிக்சன்தான். ஒரே வேனில் இரண்டு குடும்பம், தூக்குச்சட்டியில் கோழிப் பிரட்டல், திரும்பி வரும்போது சீட்டெல்லாம் மணல். அந்தக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற காடு மூடிய குன்று ஒன்று தெரியும். அதுதான் தஞ்சோங் துவான். சிறு வயது முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே குளித்திருக்கிறேன். அங்கே ஏறிப் போகலாம் என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் பெரியவர்களுக்குக் கடல் என்றால் குளிப்பதும் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதும். காடு என்றால் பாம்பு.

அந்தக் குன்றுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நிலப்பக்கம் முழுக்க நெகிரி செம்பிலான், ஆனால் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். போர்ட்டிக்சனில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு புறப்பட்டால் பொட்டலம் ஆறுவதற்குள் மலாக்காவில் இருப்போம். உச்சியில் கலங்கரை விளக்கம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் விளக்கு வைத்த இடம் அது. இப்போது நிற்கிற வெள்ளைக் கோபுரம் 1863இல் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. 1606 ஆகஸ்டில் இந்த முனைக்கு எதிரே டச்சுக்காரர்களும் போர்த்துகீசியரும் கடலில் மோதினார்கள். போர்த்துகீசியக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் கோவாவின் வைஸ்ராய். இரண்டு பக்கமும் கப்பல்கள் எரிந்து மூழ்கின. டச்சுக் கப்பல் 'நஸ்ஸாவ்' 1990களில்தான் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருள்கள் லுகுட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வழியில்தான் லுகுட். நேரமிருந்தால் நிறுத்தலாம், ஆனால் போகும்போது நிறுத்தாதீர்கள், வரும்போது நிறுத்துங்கள்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக மனதில் ஓடும். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்த நம் ஆட்களில், போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள் இந்த விளக்கைப் பார்த்திருக்க வழியில்லை. சிங்கப்பூர் வரை போனவர்கள் இதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ராத்திரியில் தாண்டியிருந்தால் யாராவது ஒருவர் மேல்தட்டில் நின்று "அது என்னா வெளிச்சம்?" என்று கேட்டிருப்பார். சரி, பருந்துக்கு வருவோம்.

மலாக்கா நீரிணை இந்த இடத்தில் குறுகலானது. எதிரே சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு வரைக்கும் சுமார் 38 கிலோமீட்டர். ஜப்பான், சைபீரியா, வட சீனம் போன்ற இடங்களில் குஞ்சு பொரிக்கிற தேன் பருந்துகள் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி சுமத்ரா, ஜாவா, அதற்கும் கிழக்கே உள்ள தீவுகள் வரை போகின்றன. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஊர் திரும்புகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி கட்டிவிட்டுப் பார்த்ததில், ஒரு பறவை ஒரு வழிக்கே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறப்பது தெரிந்தது. (பாஸ்போர்ட் இல்லாத விருந்தாளிகள் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். நான் எழுதவில்லை.)

இவ்வளவு தூரத்தையும் இறக்கை அடித்தே கடப்பதென்றால் பாதியிலேயே செத்துப்போகும். அதனால் காற்றின் முதுகில் ஏறிக்கொள்கின்றன. வெயில் பட்டு நிலம் சூடாகும்போது அதன் மேலிருக்கிற காற்று சூடாகி மேலே எழும்பும். பருந்து அதற்குள் நுழைந்து, இறக்கையை விரித்து, வட்டமடித்தே உயரத்துக்குப் போய்விடும். அங்கிருந்து வேண்டிய திசையில் சறுக்கிக்கொண்டே இறங்கும். அடுத்த சூட்டுக்காற்று கிடைத்ததும் மறுபடி வட்டம். நிலத்தின் மேல் இது சரிப்படும். கடல் நிலத்தைப்போலச் சூடேறாது, ஏறுகாற்றும் பெரிதாகக் கிடைக்காது. ஆகவே ரூப்பாட்டின் மேலே எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவும் ஏறி, அங்கிருந்து ஒரே சறுக்காகத் தண்ணீரைத் தாண்டப் பார்க்கின்றன. உயரம் போதாதவை கடைசி மைல்களில் இறக்கை அடித்து அடித்துக் கரைக்கு வரும். அப்படி வந்து சேர்கிற முதல் நிலம் இந்த முனை. களைத்துப்போய், தாழ, சில சமயம் மரத்தலைகளை உரசுகிற மாதிரி நம் கண்ணெதிரே வரும். செப்டம்பருக்கு மேல் தெற்கே போகிறபோதும் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஆனால் மார்ச்சில் கிடைக்கிற நெருக்கம் கிடைக்காது.

இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள். நமக்கும் சுமத்ராவுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம். அங்கே ஒன்பது என்றால் இங்கே பத்து. அதோடு 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றே கால் மணியை ஒட்டித்தான். நாம் பன்னிரண்டு என்று சொல்வது சூரியக் கணக்கில் இன்னும் முற்பகல். ரூப்பாட்டில் நிலம் சூடேறி, பருந்து உயரம் பிடித்து, கடலைத் தாண்டி வந்து சேர நம் கடிகாரத்தில் பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் கூட்டம். பஸ் அந்த நேரத்தில் தோட்டத்துச் சந்தியில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருக்கும்.

நான் துணைக்குப் போனது போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு. தோட்டப் பள்ளி என்பது இப்போது பெயரளவுக்குத்தான். பாதிக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். லயங்களில் இருப்பவர்களில் நிறையப்பேர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். ஆனாலும் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் செம்பனைதான். டீச்சர் கெட்டிக்காரர், பஸ்காரரிடம் நான்கு மணி வரை பேசி வைத்திருந்தார். கூடுதல் காசு என்னமோ ஆயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அதற்கு ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்தது. பருந்து பார்க்க எதற்கு நாலு மணி என்று ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான், மேலே சொன்ன பதிலை அன்றைக்குச் சொல்ல ஆளில்லை.

வாசலிலிருந்து விளக்கு வரை தார்ச்சாலை, ஏற்றம். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். இருபுறமும் காடு. கொஞ்ச தூரம் போனதும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்று உள்ளே பார்த்தாள். "டீச்சர், இங்க நிரையே இல்ல."

எனக்கு அது பிடித்துவிட்டது. எங்களுடைய உலகம் நிரையால் ஆனது. கித்தா (ரப்பர்) மரம் இருந்த காலத்தில் ஆளுக்கு இத்தனை மரம், இந்த நிரையிலிருந்து அந்த நிரை வரை என்றுதான் கணக்கு. செம்பனை வந்த பிறகு சுமார் ஒன்பது மீட்டர் இடைவெளி, ஒரு ஹெக்டருக்கு 136 அல்லது 148 மரம். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் கோடு கோடாக ஓடும். பிறந்ததிலிருந்து மரங்களுக்கு நடுவே வாழ்கிற பிள்ளை, யாரும் நடாத மரங்களை அன்றுதான் முதல்முறையாகப் பக்கத்தில் பார்க்கிறாள். இந்தக் கரையோரக் காட்டின் உறவுக் காடுகள்தான் ஒரு காலத்தில் உள்ளே சிலியாவ் வரைக்கும், அதற்கு அப்பாலும் இருந்திருக்கும். அவற்றை வெட்டித்தான் கித்தா நட்டார்கள், வெட்டியதிலும் நட்டதிலும் நம் ஆட்களின் கை இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பாரமாக ஏற்றிவைக்க அது நேரமில்லை.

டீச்சர் நான்கு பக்கத்துக்குப் பயிற்சித்தாள் கொண்டுவந்திருந்தார். இலையின் வடிவத்தை வரை, மரப்பட்டையைத் தேய்த்து எடு, கேட்ட ஒலிகளை எழுது. எனக்குப் பயிற்சித்தாளில் நம்பிக்கை கிடையாது. குனிந்த தலை நிமிராது, அதுதான் அதன் குணம். இருந்தாலும் பத்திலிருந்து பதினோரு மணி வரை வானத்தில் ஒன்றும் இல்லாத நேரத்தைக் கடத்துவதற்கு அது உதவிற்று என்பதை மறுக்க முடியாது. குரங்குகளும் உதவின. மரத்தில் சாம்பல் நிறத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்த இலை தின்னும் குரங்குகள் ஒரு ரகம். கீழே நடந்து வந்து பையைத் திறக்கிற நீண்ட வால் குரங்குகள் இன்னொரு ரகம். பிள்ளைகளுக்கு இரண்டாவதைத்தான் பிடித்தது.

வழிகாட்ட வந்தவர் ஒரு மலாய்க்கார அக்கா, பறவை எண்ணுகிற தொண்டர். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு இங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது. அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். தொலைநோக்கியில் கண் வைக்க வரிசை நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் விழாவுக்கு முன்னாலோ பின்னாலோ சாதாரண நாளில் போவது நல்லது என்பது என் கருத்து. பருந்துக்கு விழா நாள் தெரியாது.

முதலில் வந்தது தேன் பருந்து இல்லை. செங்கல் நிற முதுகும் வெள்ளைத் தலையுமாகக் கரையோரம் ஒன்று மிதந்து வந்தது. "கருடன்! கருடன்!" என்று ஒரே சத்தம். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது இங்கேயே இருக்கிற செம்பருந்து, போர்ட்டிக்சன் மீன் சந்தைப் பக்கம் தினமும் பார்க்கலாம். அக்கா சிரித்துக்கொண்டே, இதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றார்.

பதினொன்றே முக்கால் இருக்கும். கடல் பக்கம் ஒரு வெள்ளை மேகம். அதன் மேல் மிளகு சிந்தின மாதிரி புள்ளிகள். பைனாகுலரை எடுக்காமல் வெறுங்கண்ணால் மேகத்தின் மேல் தேடுங்கள் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். நீல வானத்தில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. பைனாகுலரோடு சூரியன் பக்கம் திரும்பவே கூடாது என்பதையும் மூன்று தடவை சொன்னார். புள்ளிகள் பெரிதாகின. முதலில் வந்தது எங்கள் தலைக்கு மேல், தென்னை மர உயரத்துக்குக் கொஞ்சம் கூட. அகலமான இறக்கை, நுனியில் விரல் விரலாகப் பிரிந்த சிறகு, நீண்ட வாலில் கறுப்புப் பட்டை. உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, கழுத்தை நீட்டி வைத்திருப்பது. தேன் பருந்தை அடையாளம் காண அந்தத் தலையைப் பார்த்தால் போதும் என்றார். நிறத்தை நம்பக் கூடாது. ஒன்று வெளிர், ஒன்று பழுப்பு, ஒன்று கிட்டத்தட்டக் கறுப்பு, எல்லாம் ஒரே இனம்தான். அலகு திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற பையன் மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், அதுக்கு மேல்மூச்சு வாங்குது."

கரை தாண்டியதும் குன்றின் மேல் எழும்பும் காற்றைப் பிடித்து வட்டமடிக்கத் தொடங்கின. பத்து, இருபது, எண்ண முடியாத சுழல். பிள்ளைகள் விரலை நீட்டி எண்ணப் பார்த்துத் தோற்றார்கள். அக்கா சொன்ன உபாயம் எளிது. சுற்றும்போது எண்ணாதே. உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வடக்கே சறுக்கும், அப்போது எண்ணு. உலகத்தில் பருந்து எண்ணுகிறவர்கள் எல்லாரும் செய்வது இதைத்தானாம்.

ஒரு பெண் உடனே பயிற்சித்தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் குறிக்கத் தொடங்கினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சர் கேட்டார். "அப்பா குலை எண்றப்ப அப்படித்தான் போடுவாரு." தோட்டத்தில் வெட்டின செம்பனைக் குலைகளை ரோட்டோரம் அடுக்கி எண்ணுகிற வேலை அவள் அப்பாவுக்கு. ஐந்து நிமிடத்தில் எல்லாப் பயிற்சித்தாளின் பின்பக்கமும் குலைக்கணக்கு ஆகிவிட்டது. முன்பக்கத்தை யாரும் முடிக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒப்பிட்டுப் பார்த்தபோது எந்த இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை. அதில் ஒரு சண்டை. எண்ணுகிற பெரியவர்களுக்கும் ஒத்துப்போகாது, அதனால்தான் இரண்டு மூன்று பேர் எண்ணுகிறோம் என்று அக்கா சமாதானம் செய்தார்.

தேன் பருந்து தேன் குடிப்பதில்லை. தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்கிறது. கொட்டு விழாமல் இருக்க முகத்தைச் சுற்றிச் செதில் மாதிரி இறுகிய சிறகுகள். இதை அக்கா சொன்னதும் பிள்ளைகளிடம் ஒரு பரபரப்பு. குளவி என்றால் தோட்டத்தில் விளையாட்டில்லை. மட்டை வெட்டும்போது கூட்டைத் தட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆளாளுக்கு மாமா, சித்தப்பா, தாத்தா கொட்டு வாங்கிய வரலாறு சொன்னார்கள். "அப்ப அதுங்கள நம்ம தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க" என்றான் ஒருவன். அடுத்து ஆந்தைப் பேச்சு வந்தது. எலி பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பது இங்கே பல பத்தாண்டு வழக்கம். பெட்டிக்குக் கீழே கிடக்கும் எலி எலும்பு உருண்டைகளை உடைத்துப் பார்த்திருக்கிறேன் என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்ல, அக்கா நோட்டை மூடிவிட்டு அவனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை பெட்டி, எந்த மாதத்தில் குஞ்சு, பகலில் எந்தப் பக்கம் உட்காரும். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பள்ளியில் அவன் அறிவியலில் சுமார்தான் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். அவர் பால் வெட்டின காலத்தில், கித்தா மரம் இலை கொட்டுகிற மாதங்கள் வருஷத் தொடக்கத்தில் வரும். பால் குறையும், சம்பளமும் குறையும். தலைக்கு மேல் நிழல் போய் வானம் வெட்டவெளியாகத் தெரியும். அந்த மாதங்களில் கோழிக்குஞ்சுகளைக் கூடை போட்டு மூடி வைக்கச் சொல்வார். "இது கழுகு போற மாசம்" என்பார். எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தேன் பருந்து குஞ்சைத் தூக்குவதில்லை. ஆனால் அதே காலத்தில் இதே வழியில் போகிற சிறிய வல்லூறுகளைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. கூடை போட்டது சரிதான்.

சாப்பாடு, கடற்கரை, நண்டு துரத்தியது எல்லாம் இரண்டரைக்கு மேல். ஓரமாக ஒதுங்கிய பிளாஸ்டிக் புட்டிகளைப் பொறுக்கச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. அதை விரிவாக எழுத ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் லுகுட்டில் நிறுத்த நேரம் இருந்தது, யாருக்கும் கண்ணைத் திறந்து வைக்கத் தெம்பு இல்லை.

டீச்சர் இப்போது பள்ளியிலேயே ஒரு பறவைப் பதிவேடு வைக்கப் பார்க்கிறார். செம்பனைக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளே எழுதட்டும் என்பது திட்டம். ஆந்தைப் பெட்டிகள் முதல் பக்கம். கரை சேர்ந்த பருந்துகள் ராத்திரி எங்கே தங்குகின்றன, நம் தோட்டத்து மரங்களிலும் இறங்குகின்றனவா என்று ஒரு கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்திருக்கிறது. அதற்குள் ஒரு பையனின் அப்பா, உரம் போடுகிற வேலையில் இருப்பவர், ஆற்றோரத்து நிரையில் ஒரு பெரிய பழுப்புப் பறவை குளவிக் கூட்டைக் காலால் கிளறிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை வந்தால் இடத்தைக் காட்டுவாராம். டீச்சர் என்னையும் கூப்பிட்டார். போகத்தான் போகிறேன். அந்தக் கூட்டில் இன்னும் குளவி இருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.